யார் சொல்லக் கேட்டாய்?

(கல்லூரியில் பயிலும் வாலிபர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒரு பாடம்)



கியா பார்ம் கடைத்தெருவைத் தாண்டிச் சுங்கை பாலாஸ் தோட்டத்துப் பக்கம் திரும்புகிறவர்கள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைக் காட்டைக் கண்டு வியந்து செல்வார்கள். ஆனால் அந்தக் காட்டில் கொழுந்தெடுத்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்குத்தான் நிறுவைத் தராசின் சங்கதி தெரியும். எடை கூட வேண்டுமென்று முற்றிய இலையையும் காம்பையும் கூடைக்குள் அமுக்குகிறவர் எந்தக் காலத்திலும் உண்டு. தண்ணீர் தெளிக்கிறவரும் உண்டு. தராசுக்கு அது தெரியாது. கிராணியின் புத்தகத்தில் எண் ஏறிவிடும். ஆனால் ஆலையிலே கொழுந்தை வாடப் போடும்போது தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான் தேறும் என்பது தொழில் அறிந்தவர் கணக்கு. தெளித்த தண்ணீரிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளும் வராது.

இன்று அந்தக் காடுகளில் கொழுந்தெடுப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்து லயத்தில் பிறந்த நம் பிள்ளைகள் தானா ராத்தாவிலே ஆறாம் படிவம் முடித்து, தாப்பா சாலை வழியாகவும் சிம்பாங் பூலாய் சாலை வழியாகவும் கீழே இறங்கிக் கல்லூரிகளுக்கும் சர்வகலாசாலைகளுக்கும் போகிறார்கள். பல வீடுகளில் அந்தப் பிள்ளைதான் முதன்முதலாகப் பட்டதாரியாகப் போகிறவர். ஆகவே, அவர் அங்கே கொடுக்கும் கூடையில் கொழுந்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்க நமக்கு உரிமையும் உண்டு, கவலையும் உண்டு.

பரீட்சையில் பார்த்து எழுதுவது நேற்று முளைத்த வியாதியன்று. அமெரிக்காவில் பவர்ஸ் என்னும் ஆய்வாளர் 99 கல்லூரிகளைச் சேர்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் விசாரித்து 1964-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நான்கில் மூவர், ஏதாவது ஒரு வகையில் நாணயக் குறைவாக நடந்ததை ஒப்புக்கொண்டார்கள். அப்பொழுது கைப்பேசியும் இல்லை, இணையமும் இல்லை. எனவே, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப் போனார்கள்" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதில் அர்த்தமில்லை. மாறியிருப்பது வசதியும் வேகமுமே. முன்பு ஒருவன் துண்டுச் சீட்டை ஒளித்துக்கொண்டு போக வேண்டும். பயத்தால் கையாவது நடுங்கும். இன்றைக்குப் படுக்கையில் சாய்ந்தபடியே பத்துப் பக்கம் எழுதி வாங்கிவிடலாம். யாருடைய கையும் நடுங்குவதில்லை.

தவறு பிள்ளைகளிடத்தில் மாத்திரம் இருப்பதாகவும் எண்ணிவிடலாகாது. நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்த யு.பி.எஸ்.ஆர். பரீட்சையை நினைத்துப் பாருங்கள். அறிவியல், ஆங்கிலம், கணிதம், தமிழ் ஆகிய பாடங்களின் கேள்வித்தாள்கள் முன்கூட்டியே வெளியாகி, வாட்ஸ்அப் வழியாகக் கைக்குக் கை பரவின. நாடெங்கும் நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பரீட்சையைத் திரும்ப எழுத நேர்ந்தது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் தமிழ்த்தாளையும் சேர்த்து எழுதினார்கள். அந்தத் தாளைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையா திருடியிருக்கும்? பெரியவர்கள் கசியவிட்டார்கள், பெரியவர்கள் பரப்பினார்கள், இன்னும் சில பெரியவர்கள் "நம் பிள்ளைக்கு மட்டும் தெரியாமற் போகலாமா" என்று காட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பரீட்சையே 2021-ல் எடுபட்டுவிட்டது. ஆனால் அன்று அதை எழுதிய பிள்ளைகள்தாம் பிற்பாடு கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்களுக்கு முதற்பாடம் யார் நடத்தினார்கள்?

தாயகத்துச் செய்தியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2019 செப்டம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வில், இராமேசுவரம், கீழக்கரை நிலையங்களில் எழுதியவர்கள் பலர் முதல் வரிசைகளில் வந்தார்கள். விசாரித்ததில், சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடைகளைக் குறித்துவிட்டு வந்ததும், இடைத்தரகர்கள் பிறகு சரியான விடைகளைக் குறித்துவைத்ததும் வெளிப்பட்டன. 2020 சனவரியில் 99 பேருக்கு ஆயுள் முழுவதும் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்டது. வள்ளல் சீதக்காதி வாழ்ந்த கீழக்கரையின் பெயர் இந்த விவகாரத்தில் அடிபட்டதே என்று மனம் நோகிறது. ஊரார்மேல் பழியில்லை, வெளி மாவட்டங்களிலிருந்து வந்து அந்த நிலையங்களைத் தேர்ந்துகொண்டவர்கள் செய்த வேலை அது.

நிற்க. இனி நம் விஷயத்துக்கு வருவோம்.

2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவு யந்திரம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் அதைப் போன்றவை பல வந்துவிட்டன. கேட்டதை எழுதித் தருகின்றன. மலாயில் கேட்டால் மலாயில், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில். இவற்றின் வேலை எப்படி நடக்கிறது என்பதை ஓரளவாவது அறிந்துகொள்ளுதல் நல்லது. எண்ணிலடங்காத எழுத்துகளைப் படித்துப் பழகிய அந்த யந்திரம், ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று கணித்துக் கணித்துத் தொடுத்துக்கொண்டு போகிறது. சரியாகவே சொல்வது அநேகம். ஆனால் தெரியாத இடத்திலும் தடுமாறாமல், தெரிந்ததைப் போலவே சரளமாய்ச் சொல்லிவிடும். இல்லாத புத்தகத்துக்குப் பெயர் வைக்கும். அதற்கு ஆசிரியரையும் பக்க எண்ணையும் கூடக் கொடுக்கும்.

நியூயார்க் நகரில் நடந்தது உலகறிந்த கதை. 2023-ல் ஒரு விமானக் கம்பெனிக்கு எதிரான வழக்கில் வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் காட்டப்பட்டிருந்த ஆறு முன்தீர்ப்புகள் எந்த நீதிமன்றத்திலும் வழங்கப்படாதவை. யந்திரம் கற்பனை செய்தவை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். படித்துப் பட்டம் பெற்று ஆண்டுக்கணக்கில் தொழில் செய்தவர்களே, "இதை எங்கே பார்த்தாய்?" என்னும் கேள்விக்கு மூலத்தைப் புரட்டிச் சரிபார்க்கத் தவறினார்கள் என்றால், பதினெட்டு வயதுப் பிள்ளையை என்ன சொல்வது!

"எங்கே பார்த்தாய், யார் சொல்லக் கேட்டாய்" என்னும் இந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று. மதரஸாவின் வாசலை மிதித்தவர் யாவரும் ஸனது என்னும் சொல்லைக் கேட்டிருப்பார்கள். நபிமொழி ஒன்றைச் சொல்ல வந்தவரை, "யாரிடம் கேட்டீர்? அவர் யாரிடம் கேட்டார்?" என்று ஒவ்வொரு படியாக வினவி, நடுவில் நிற்கும் ஒவ்வொருவரின் நாணயத்தையும் ஞாபக சக்தியையும் அளந்து பார்த்த பிறகே முன்னோர் ஏற்றார்கள். நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரே ஒரு நபிமொழியை, அதை நேரில் கேட்டவர் வாயால் கேட்பதற்காக ஒரு மாத காலம் பிரயாணம் செய்து ஷாம் தேசம் சென்றதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் கிரந்தத்திலே குறித்திருக்கிறார்கள்.

அந்தக் கலையில் 'தத்லீஸ்' என்று ஒரு குற்றம் உண்டு. ஒருவர் தாம் நேரில் கேளாததை நேரில் கேட்டதுபோலத் தொனிக்கச் சொல்லி, நடுவில் நின்றவரின் பெயரை மறைத்துவிடுவது. கவனியுங்கள்: அவர் சொன்ன செய்தி மெய்யாகவே இருக்கலாம். வார்த்தைக்கு வார்த்தை பொய் என்று எதையும் காட்ட முடியாமலும் இருக்கலாம். ஆயினும், வந்த வழியை மறைத்தார் என்பதே குறையாக எண்ணப்பட்டது. அப்படிப்பட்டவர் "இன்னாரிடம் நான் கேட்டேன்" என்று தெளிவாகச் சொன்னாலன்றி அவர் சொல்லை ஏற்கத் தயங்கினார்கள். "நான் எழுதிக் கொடுத்தது சரியான விஷயந்தானே, யார் எழுதினால் என்ன?" என்று கேட்கிற மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான விடையை நான் கண்டதில்லை.

தமிழ் மரபும் இதற்கு இளைத்ததன்று. தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்தோர் கொள்கையைச் சொல்லும்போது, அது பிறர் கூற்று என்பது தெரியும்படி 'என்ப' என்று சொல்லிச் செல்கிறார். நூல் இயற்றியவர் அதை வீட்டில் வைத்துக்கொண்டு புலவர் பட்டம் பெற்றுவிட முடியாது. அவையிலே அரங்கேற்றம் செய்ய வேண்டும். கற்றவர் தடை எழுப்புவார்கள், கேள்வி கேட்பார்கள். நூலாசிரியர் தாமே எழுந்து விடை சொல்ல வேண்டும். பிறரைக்கொண்டு எழுதி வாங்கியவர் அந்த அவையில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

இனிப் பிள்ளைகள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்பதைப் பட்சபாதமில்லாமல் பார்ப்போம். சோம்பேறித்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். மலையில் தமிழ்ப் பள்ளியில் தொடங்கிய பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழியில் படித்து, கல்லூரிக்குப் போனதும் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வாங்குகிறது. மூன்று பக்கம் வாசிக்க மூன்று மணி நேரம் ஆகிறது. வகுப்பில் எழுந்து கேட்க வெட்கம். விடுமுறைக்கு வந்தாலும் ஓய்வு ஏது? கியா பார்ம் சந்தையில் காய்கறிக் கடையிலோ ஸ்ட்ராபெரிக் கடையிலோ உல்லாசப் பிரயாணிகளுக்கு எடைபோட்டுக் கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் நான்கு இடுபணிகள், நான்கும் ஒரே வாரத்தில். படிப்புக் கடன் தலைக்கு மேல். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினால், "நன்றாகப் படிக்கிறாயா?" என்று ஒரு கேள்வி, "படிக்கிறேன்" என்று ஒரு பதில். "எந்தப் பாடம் விளங்கவில்லை?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

கொரோனாக் காலத்தில், 2020-ல், சபா மாநிலத்து மாணவி ஒருவர் அலைவரிசை கிடைக்காமல் மரத்தின்மேல் ஏறி அமர்ந்து பரீட்சை எழுதிய செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. வசதிக் குறைவே ஏமாற்றுவதற்கு நியாயமாகிவிடாது என்பதை அந்தப் பெண் காட்டினாள். இத்தனை இடர்ப்பாட்டில் படிக்கும் பிள்ளைக்கு நாம் என்ன துணை செய்தோம் என்ற கேள்வியும் அதே மரத்திலிருந்துதான் வருகிறது.

இந்த நெருக்கடியை மோப்பம் பிடித்தே கட்டுரை வியாபாரிகள் வருகிறார்கள். காசு கொடுத்தால் இடுபணியை முடித்துக் கொடுக்கும் வியாபாரத்தை நியூசிலாந்து 2011-லும், அயர்லாந்து 2019-லும், ஆஸ்திரேலியா 2020-லும், இங்கிலாந்து 2022-லும் சட்டத்தால் குற்றமாக்கின. காசு வாங்கிக்கொண்ட வியாபாரி, "கல்லூரிக்குச் சொல்லிவிடுவேன்" என்று அதே மாணவனை மிரட்டி மறுபடியும் காசு பறித்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. ஒரு முறை வாங்கியவன் பட்டம் பெற்ற பிறகும் பயந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்து, கண்டுபிடிக்கும் யந்திரங்களைப் பற்றி. இதைப் பெற்றோர் சற்று நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன்.

டர்னிட்டின் போன்ற கருவிகள் மாணவர் எழுத்தை இணையத்திலுள்ளவற்றோடும் பிற மாணவர் தாள்களோடும் ஒப்பிட்டு, இத்தனை சதவிகிதம் ஒத்திருக்கிறது என்று சொல்கின்றன. ஒத்திருப்பதெல்லாம் திருட்டன்று. சட்டப் பிரிவையோ திருமறை வசனத்தின் பெயர்ப்பையோ முறையாக எடுத்துக்காட்டினாலும் சதவிகிதம் ஏறத்தான் செய்யும். வாத்தியார் வாசித்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இதாவது பரவாயில்லை. "இதை யந்திரம் எழுதியிருக்கிறது" என்று சொல்ல வந்த கருவிகளின் கதைதான் வேறு. 2023-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை ஆய்வாளர்கள் அத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோபல் பரீட்சைக்காகத் தம் கையால் எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக நூற்றுக்கு அறுபத்தொன்றை "யந்திரம் எழுதியது" என்று அவை பழி சுமத்தின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளிலோ அநேகமாகத் தவறே செய்யவில்லை. காரணம் என்ன? சொல்வளம் குறைந்தவர், தெரிந்த சொற்களையே எளிய வரிசையில் அடுக்குவார். அடுத்த சொல் இன்னதென்று ஊகிக்க முடிகிற எழுத்தையே அந்தக் கருவிகள் யந்திரத்தின் எழுத்தாகக் கருதுகின்றன. சாட்ஜிபிடியைப் படைத்த கம்பெனியே தன் கண்டுபிடிக்கும் கருவியைச் சரியாக வேலை செய்யவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் சர்வகலாசாலை அடுத்த மாதமே அத்தகைய சோதனையை நிறுத்திவிட்டது.

இதன் பொருள் நம் வீட்டுக்கு என்ன என்று யோசியுங்கள். மூன்றாவது மொழியில் தட்டுத் தடுமாறித் தானே எழுதும் மலைநாட்டுப் பிள்ளைமேல்தான் வீண்பழி விழ அதிக இடமிருக்கிறது. வீண்பழிக்கு அஞ்சியாவது மாணவர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்: வழித்தடத்தை அழிக்காதீர்கள். புத்தகத்திலிருந்து எடுத்த குறிப்பு, கையால் எழுதிய முதற்பிரதி, அடித்துத் திருத்திய இரண்டாம் பிரதி, எந்த நாளில் எதை மாற்றினீர்கள் என்று கணிப்பொறி காட்டும் பதிவு, யாவற்றையும் பருவம் முடியும்வரை வைத்திருங்கள். யாராவது கேட்டால், "இதோ என் ஸனது" என்று எடுத்து வைக்கலாம். பழி வந்தால் பதறி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவும் வேண்டாம். "என்னை வாய்மொழியாகக் கேளுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தானே எழுதியவனுக்கு அது பயமில்லை.

அப்படியானால் யந்திரத்தைத் தொடவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. மலேசியத் தகுதிகள் முகமை 2023-ல் உயர்கல்வி நிலையங்களுக்கு அனுப்பிய ஆலோசனைக் குறிப்பும் அதை அடியோடு தடுக்கவில்லை. நேர்மையோடும் பொறுப்போடும் கையாளவே வழி சொல்லிற்று. விளங்காத ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து, "இதை எளிய தமிழில் சொல்" என்று கேட்பது, பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்பதற்கு ஒப்பு. அண்ணன் சொன்னதைச் சரிபார்த்துக்கொள்வது போலவே அதையும் சரிபார்க்க வேண்டும். அந்த அண்ணனையே எழுதச் சொல்லித் தன் பெயரைப் போட்டுக்கொள்வது வேறு காரியம். ஒவ்வொரு வாத்தியாரும் ஒவ்வொரு எல்லை வைக்கிறார். தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பயன்படுத்தியிருந்தால் எதற்காக, எவ்வளவு என்று தாளின் அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

"மதிப்பெண்தானே, போகட்டும்" என்பவர்களுக்கு நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம். விவசாய டிப்ளோமா படிக்கும் ஒருவர் பூச்சிமருந்துக் கணக்கு இடுபணியை யந்திரத்திடம் வாங்கிக் கொடுத்துத் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நாளை அவர் காய்கறித் தோட்டமொன்றில் மேற்பார்வையாளர். ஒரு டாங்குத் தண்ணீருக்கு எத்தனை மில்லி மருந்து, தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று தொழிலாளி வந்து கேட்கிறான். மழை வரப்போகிறது, லாரி காத்திருக்கிறது, கைப்பேசியில் அலைவரிசை இல்லை. அவர் சொல்லும் எண்ணை நம்பி மருந்தைக் கலப்பவன் அந்தத் தொழிலாளி. அந்தக் கீரையைச் சமைப்பவள் ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒரு தாய். தாதியாகப் போகிறவளின் மருந்தளவுக் கணக்கும், மின்சாரம் படித்தவனின் கம்பிக் கணக்கும் இப்படித்தான்.

இப்பாடத்தை வாலிபர் கூட்டங்களில் வாசிப்பவர்கள், வாசித்ததோடு நிறுத்தாமல் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். கல்லூரி மாணவர் ஒருவர் தாம் அண்மையில் எழுதிய இடுபணியைக் கொண்டுவரட்டும். தாளை மூடி வைத்துவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஐந்து நிமிடம் தமிழில் சொல்லட்டும். பெரியவர்கள் ஆங்கிலம் தெரியாதென்று ஒதுங்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஆங்கிலம் தேவையில்லை. இதை எங்கே வாசித்தாய் தம்பி? அவர் சொன்னது எது, நீ சொல்வது எது? அவர் சொன்னதில் உனக்குச் சந்தேகமே வரவில்லையா? பாத்திரம் கழுவிக்கொண்டே தாயார் கேட்கலாம். கடையை மூடியபின் அத்தா கேட்கலாம். கேட்பவர் அதட்டக் கூடாது, சிரிக்கவும் கூடாது. பதில் வராத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்தப் பகுதியை மாத்திரம் அவ்வாரம் திரும்பப் படித்து, அடுத்த கூட்டத்தில் மறுபடி சொல்லச் செய்க.